ஷேர்பாயின்ட் 2016-லிருந்து சப்ஸ்கிரிப்ஷன் எடிஷனுக்கு: கஸ்டமைசேஷன் நிறைந்த ஃபார்மை ஒரே வார இறுதியில் மாற்றுவது எப்படி?

கேள்வியை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். அலுவலகமே நம்பியிருக்கும் ஷேர்பாயின்ட் சர்வர் 2016 (ஆவணங்களையும் படிவங்களையும் பகிர்ந்துகொள்ளும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள்). பல வருடங்களாக ஆளாளுக்குச் சேர்த்த நாற்பது சொச்சம் கஸ்டம் சொல்யூஷன்கள். சைட்களின் உள்ளடக்கம் இருக்கும் ஐந்து கன்டென்ட் டேட்டாபேஸ்களில் சுமார் 600 ஜிபி. போதாததற்கு இன்ஃபோபாத் படிவங்கள், ஒப்புதல் வொர்க்ஃப்ளோக்கள். வெள்ளி மாலையிலிருந்து திங்கள் காலைக்குள் புதிய பதிப்புக்குப் போக வேண்டும், அதற்குள்ளும் முடிந்தவரை நிற்கக் கூடாது. இருக்கும் சர்வரிலேயே அப்கிரேடு செய்துவிடலாமா, அல்லது வேறு வழி உண்டா?

இருக்கும் சர்வரிலேயே செய்வது முடியாது. அந்த வசதியை 2013 பதிப்பிலேயே எடுத்துவிட்டார்கள். இப்போது ஒரே வழி, புதிய ஃபார்ம் (சேர்ந்து இயங்கும் ஷேர்பாயின்ட் சர்வர்களின் தொகுப்பு) ஒன்றைப் பக்கத்தில் கட்டி, பழைய டேட்டாபேஸ்களின் நகலை அதில் இணைப்பது. இணைக்கும்போதே டேட்டாபேஸ் புதிய அமைப்புக்கு மாறும். 2016-லிருந்து சப்ஸ்கிரிப்ஷன் எடிஷனுக்கு நேரடியாகத் தாவலாம், நடுவில் 2019 தேவையில்லை. (2013-இல் இருப்பவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை, அவர்கள் 2016 வழியாகத்தான் வர வேண்டும்.) 2016-க்கும் 2019-க்கும் மைக்ரோசாஃப்ட் அறிவித்த ஆதரவு முடிவு நாள் ஒன்றுதான், 2026 ஜூலை 14. அதனால் 2019-இல் இடைத்தங்கல் போடுவதில் எந்த லாபமும் கிடையாது.

புதிய சர்வர் வாங்கச் செலவாகிறதே என்று நிர்வாகம் முணுமுணுக்கும். ஆனால் குறைந்த டவுன்டைம் வேண்டும் என்று கேட்டால் இதுதான் வரம். பழைய ஃபார்ம் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும்போது புதியதை நிதானமாகக் கட்டலாம், எத்தனை முறை வேண்டுமானாலும் ஒத்திகை பார்க்கலாம். சரியாக வரவில்லை என்றால் பழையதற்குத் திரும்பலாம். அந்த வார இறுதியில் நீங்கள் செய்யும் வேலை, ஏற்கெனவே பலமுறை செய்து பார்த்த வேலையின் கடைசி முறையாக மட்டும் இருக்க வேண்டும். முன்பே செய்துவிடக்கூடிய எதுவும் அன்றைக்கு மிச்சம் இருக்கக் கூடாது. நான் கீழே சொல்வது எல்லாமே இந்த ஒன்றுக்காகத்தான்.

உண்மையான வேலை கஸ்டமைசேஷன் கணக்கெடுப்பில் இருக்கிறது. மொத்தத் திட்ட நேரத்தில் பாதியை இதற்குக் கொடுத்தாலும் தப்பில்லை. முதலில் பழைய ஃபார்மின் சொல்யூஷன் ஸ்டோரிலிருந்து எல்லா டபிள்யூஎஸ்பி ஃபைல்களையும் (சொல்யூஷன் பொதிகள்) பவர்ஷெல் மூலம் வெளியே எடுத்து வையுங்கள். சோர்ஸ் கோடு எங்கே இருக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் தேடுங்கள். நாற்பதில் சிலவற்றுக்குக் கண்டிப்பாகக் கிடைக்காது. எழுதியவர் வேலையை விட்டுப் போயிருப்பார், அல்லது எழுதிக் கொடுத்த நிறுவனமே இருக்காது. சோர்ஸ் இல்லாதவற்றுக்குத் தனிப் பட்டியல் போடுங்கள். அவை புதிய ஃபார்மில் அப்படியே ஓடினால் நல்லது, ஓடாவிட்டால் திரும்ப எழுத வேண்டும், அல்லது கைவிட வேண்டும். இந்த முடிவு முதல் மாதத்திலேயே தெரிய வேண்டும்.

ஒரு நல்ல சேதி: 2016, 2019, சப்ஸ்கிரிப்ஷன் எடிஷன் மூன்றுமே உள்ளுக்குள் 16 என்ற எண்ணைத்தான் சுமக்கின்றன, ஃபைல்கள் இருக்கும் ஃபோல்டரும் அதே 16-தான். அதனால் ஒழுங்காக எழுதப்பட்ட ஃபார்ம் சொல்யூஷன்கள் பெரும்பாலும் மாற்றமில்லாமலே நிறுவப்படும். வெளியாரிடம் விலைக்கு வாங்கிய வெப் பார்ட்களுக்கு (பக்கத்தில் பொருத்தும் துண்டுகள்) மட்டும் புதிய பதிப்பைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

கெட்ட சேதி, ஒழுங்காக எழுதப்படாதவை. யாரோ ஒருநாள் அவசரத்துக்கு சர்வருக்குள் நுழைந்து 16 ஃபோல்டரில் இருக்கும் ஒரு ஸ்கிரிப்டைக் கையால் திருத்தியிருப்பார். வெப் அப்ளிகேஷனின் செட்டிங்குகள் இருக்கும் வெப்.கான்ஃபிக் ஃபைலில் நேரடியாக நாலு வரி சேர்த்திருப்பார். இதெல்லாம் எந்த டபிள்யூஎஸ்பியிலும் இருக்காது, டேட்டாபேஸிலும் இருக்காது. புதிய சர்வரில் தானாக வராது. கண்டுபிடிக்க ஒரு எளிய வழி: அதே பேட்ச் அளவில் ஒரு சுத்தமான 2016 சர்வரைத் தற்காலிகமாக நிறுவி, இரண்டு 16 ஃபோல்டர்களையும் ஒப்பிடுங்கள். வித்தியாசமாக வருவதில் உங்கள் சொல்யூஷன்களுக்குச் சொந்தமில்லாத ஒவ்வொன்றும் கைவேலை.

வெப்.கான்ஃபிக்கைப் பற்றி இன்னொன்று. பழைய ஃபைலை அப்படியே நகலெடுத்துப் புதிய சர்வரில் போடும் பழக்கம் பலருக்கு உண்டு. வேண்டாம். 2025 ஜூலையில் டூல்ஷெல் என்று பேசப்பட்ட தாக்குதலில் ஷேர்பாயின்ட் சர்வர்களின் மெஷின் கீகள் (சர்வர் தன் தரவுக்குக் கையொப்பமிடும் ரகசியச் சாவிகள்) திருடப்பட்டன; 2016, 2019, சப்ஸ்கிரிப்ஷன் எடிஷன் மூன்றையும் பாதித்த ஓட்டை அது. கீ களவு போயிருந்தால் பிறகு பேட்ச் போட்டும் பயனில்லை, கீயையும் மாற்ற வேண்டும். பழைய வெப்.கான்ஃபிக்கை நகலெடுத்தால் அந்தப் பழைய கீயும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். தேவையான வரிகளை மட்டும், என்ன எதற்கு என்று தெரிந்து, புதிதாகச் சேருங்கள்.

அடுத்து, யாருக்கும் தெரியாமல் வெளியிலிருந்து ஷேர்பாயின்டைத் தொட்டுக்கொண்டிருப்பவை. சம்பளப் பிரிவில் ஒரு எக்செல் ஷீட் ஏதோ ஒரு லிஸ்டிலிருந்து தரவு இழுக்கும். ஒரு ஆக்சஸ் ஃபைல் லிங்க் வைத்திருக்கும். எங்கோ ஒரு சர்வரில் இரவு இரண்டு மணிக்கு ஒரு ஸ்கிரிப்ட் வெப் சர்வீஸைக் கூப்பிடும். இவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது, சொல்ல வேண்டியவருக்கே நினைவிருக்காது. ஐஐஎஸ் (விண்டோஸின் வெப் சர்வர்) லாக்கைப் பாருங்கள். மனிதர்கள் பிரவுசரில் வந்தால் ஒரு மாதிரி, புரோகிராம்கள் வந்தால் வேறு மாதிரி தெரியும். குறைந்தது மூன்று மாத லாக். காலாண்டு முடிவும் அதற்குள் வந்தால் இன்னும் நல்லது. கிடைத்த ஒவ்வொரு புரோகிராமும் சர்வர் பெயரையோ ஐபி முகவரியையோ நேரடியாக எழுதி வைத்திருக்கிறதா, டிஎல்எஸ் 1.0 என்ற பழைய பாதுகாப்பு முறையில் மட்டும் பேசத் தெரிந்த பழங்காலத்து ஆசாமியா என்று பார்த்துவிடுங்கள். திங்கள் காலை வரும் புகார்களில் நிறைய இந்த வகைதான்.

கணக்கெடுப்பு முடிந்ததும் வெட்டும் வேலை. லாக்கில் ஒரு வருடமாக யாரும் தொடாத சொல்யூஷனை ஏன் தூக்கிக்கொண்டு போக வேண்டும்? உரிமையாளரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கி, பழைய ஃபார்மிலேயே அதை டியாக்டிவேட் செய்து சில வாரம் விட்டுப் பாருங்கள். யாரும் சத்தம் போடவில்லை என்றால் நீக்குங்கள். ஆனால் வருடத்துக்கு ஒரு முறை மட்டும் பயன்படும் படிவங்கள் இருக்கும், வருடாந்திர மதிப்பீடு மாதிரி. லாக்கை மட்டும் நம்பி அவற்றை வெட்டிவிடாதீர்கள். சாண்ட்பாக்ஸ் சொல்யூஷன்களில் (ஒரு சைட்டுக்குள் மட்டும் நிறுவப்படுபவை) கோடு இருந்தால் அதற்கு விவாதமே இல்லை. அந்த வசதி 2019 பதிப்பிலேயே நீக்கப்பட்டுவிட்டது, மாற்று எழுத வேண்டும். இன்ஃபோபாத் 2013-க்கும் ஷேர்பாயின்ட் டிசைனர் 2013-க்கும் ஆதரவு முடிவதும் அதே 2026 ஜூலை 14 அன்றுதான். ஆனாலும் என் கருத்து, படிவங்களை மாற்றி எழுதும் வேலையை இந்த அப்கிரேடோடு சேர்க்காதீர்கள். ஒரே வார இறுதியில் சர்வரும் மாறி, படிவமும் மாறினால், பிழை எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. இப்போது ஓடுவது புதிய இடத்திலும் ஓடுகிறதா என்பதை மட்டும் பாருங்கள். மாற்றி எழுதுவது தனித் திட்டம்.

அப்புறம் ஒத்திகை. புதிய ஃபார்ம் விண்டோஸ் சர்வர் 2019 அல்லது அதற்கு மேல், எஸ்கியூஎல் சர்வர் 2019 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். டேட்டாபேஸ்களை டிடிஇ முறையில் (எஸ்கியூஎல் சர்வரே டேட்டாபேஸ் முழுவதையும் பூட்டும் முறை) என்கிரிப்ட் செய்திருந்தால் அதன் சான்றிதழ் புதிய எஸ்கியூஎல் சர்வரில் இல்லாமல் ரீஸ்டோரே ஆகாது. இதை முதல் ஒத்திகையிலேயே கண்டுபிடித்துவிடுவீர்கள், அதற்காகத்தான் ஒத்திகை. வெப் அப்ளிகேஷன்களை அதே யூஆர்எல்லில் உருவாக்குங்கள். மேனேஜ்டு பாத்களையும் (சைட்கள் அமையும் யூஆர்எல் பாதைகள்) அதேபோல உருவாக்க வேண்டும், இல்லையென்றால் டேட்டாபேஸ் இணைந்தும் சில சைட்கள் திறக்காது. சொல்யூஷன்களை நிறுவுங்கள். வெப் அப்ளிகேஷனோடு தானாக உருவான காலி டேட்டாபேஸைக் கழற்றிவிடுங்கள்.

பிறகு நகலை ரீஸ்டோர் செய்து, இணைப்பதற்கு முன் டெஸ்ட்-எஸ்பிகன்டென்ட்டேட்டாபேஸ் கட்டளையை ஓட்டுங்கள். எந்த ஃபீச்சர் இல்லை, எந்த வெப் பார்ட் இல்லை, எந்த அசெம்பிளி, எந்த செட்டப் ஃபைல் இல்லை என்று நீளமாகத் துப்பும். ஒவ்வொரு வரியிலும் அப்கிரேடைத் தடுக்குமா, தடுக்காதா என்றும் சொல்லும். தடுக்காது என்று சொல்வதை நிறையப் பேர் தாண்டிப் போய்விடுகிறார்கள். இணைப்பு நின்றுவிடாது என்பதுதான் அதற்கு அர்த்தம்; அந்தப் பக்கத்தைத் திறக்கும் யூசருக்குப் பிழை தெரியலாம். பல வருடம் முன்பு நீக்கிய சொல்யூஷன்களின் எச்சங்களும் இதில் வரும். அவற்றைப் பழைய ஃபார்மிலேயே சுத்தம் செய்தால் அடுத்த ஒத்திகையில் பட்டியல் சுருங்கும். ஒவ்வொரு முறையும் பட்டியல் குறைகிறதா என்பதை வைத்தே எவ்வளவு தயாராகியிருக்கிறீர்கள் என்று சொல்லிவிடலாம்.

இணைக்கும்போது ரூட் சைட் இருக்கும் டேட்டாபேஸை முதலில் இணையுங்கள். மற்றவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்து ஓட்டலாம், ஆனால் எஸ்கியூஎல் சர்வரின் டிஸ்க் தாங்குகிறதா என்று பாருங்கள். ஐந்தையும் ஒரே நேரத்தில் ஓட்டினால் வேகம் கூடுவதற்குப் பதில் குறையலாம். இதில் ஜிபி கணக்கை மட்டும் நம்ப வேண்டாம். பெரிய வீடியோ ஃபைல்கள் நிறைந்த 200 ஜிபி டேட்டாபேஸைவிட, லட்சக்கணக்கான சிறு ஐட்டங்களும் ஆயிரக்கணக்கான சைட்களும் உள்ள 60 ஜிபி டேட்டாபேஸ் அதிக நேரம் எடுக்கும். ஒவ்வொரு படிக்கும் கடிகாரத்தைப் பார்த்து எழுதி வையுங்கள். கடைசி ஒத்திகையின் நேரங்கள்தான் உங்கள் உண்மையான திட்டம்.

ஒத்திகையில் ஒரு ஆபத்து உண்டு: மின்னஞ்சல். நகலில் இருக்கும் வொர்க்ஃப்ளோக்களும் அலர்ட்களும் உயிரோடுதான் இருக்கும். புதிய ஃபார்மில் வெளிச்செல்லும் மின்னஞ்சல் செட்டிங்கைக் கட்டோவர் (யூசர்களைப் புதியதற்கு மாற்றும் நேரம்) வரை காலியாக விடுங்கள். ஆனால் சில கஸ்டம் கோடுகள் மெயில் சர்வரின் முகவரியைத் தங்களுக்குள்ளேயே எழுதி வைத்திருக்கும். அதனால் அந்த சர்வர்களிலிருந்து மெயில் போர்ட்டை ஃபயர்வாலிலேயே மூடிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் என்றோ முடிந்துபோன ஒரு கோரிக்கைக்கு மேலதிகாரிக்கு நினைவூட்டல் போகும். ஆர்டர் போடும், பணம் அனுப்பும் வேறு மென்பொருள்களோடு இணைப்பு இருந்தால் அவற்றையும் இதேபோல அடைக்க வேண்டும்.

இனி நிறுத்த நேரம். எத்தனை மணி நேரம் என்று பேரம் பேசுவதற்கு முன், எது நிற்கக் கூடாது என்று நிர்வாகத்திடம் கேளுங்கள். பெரும்பாலான அலுவலகங்களில் வார இறுதியில் படிக்க முடிந்தால் போதும், எழுத வேண்டியவர்கள் ஒன்றிரண்டு பிரிவுகள்தான். பழைய டேட்டாபேஸ்களை எஸ்கியூஎல்லில் ரீட்-ஒன்லி ஆக்கினால் ஷேர்பாயின்ட் அதைப் புரிந்துகொண்டு, திருத்தும் பொத்தான்களைத் தானே மறைத்துவிடும். ஆக மாற்றம் நடக்கும் நேரம் முழுக்க யூசர்கள் பழைய ஃபார்மில் படித்துக்கொண்டே இருக்கலாம். முழுதாக நிற்பது, முகவரியைப் புதிய பக்கம் திருப்பும் சில நிமிடங்கள் மட்டும். கஸ்டம் கோடு மட்டும் இந்த நாகரிகத்தை அறியாது; பக்கம் திறக்கும்போதே எங்காவது எழுத முயலும் வெப் பார்ட் ரீட்-ஒன்லியில் வெடிக்கும். அதையும் ஒத்திகையில் பாருங்கள்.

அந்த ரீட்-ஒன்லி நேரத்தையும் சுருக்கலாம். 600 ஜிபியை ஒரு கிகாபிட் நெட்வொர்க்கில் நகர்த்தவே, நொடிக்கு 100 எம்பி என்று வைத்தாலும், 1 மணி 40 நிமிடம் ஆகும். பேக்கப்பும் ரீஸ்டோரும் தனி. இதை வெள்ளிக்கிழமை இரவில் செய்யத் தேவையே இல்லை. அதற்கு முந்தைய வார இறுதியிலேயே முழு பேக்கப் எடுத்து, புதிய எஸ்கியூஎல் சர்வரில் நோரெகவரி நிலையில் (மேலும் பேக்கப்பை ஏற்கக் காத்திருக்கும் நிலை) ரீஸ்டோர் செய்து வைத்துவிடுங்கள். கட்டோவர் இரவில் பழையதை ரீட்-ஒன்லி ஆக்கி, டிஃபரன்ஷியல் பேக்கப் மட்டும் எடுத்து, அதை மேலே போட்டு ரெகவர் செய்து, ரீட்-ரைட் ஆக்கி, இணைக்க வேண்டியதுதான். ஒரு வாரத்தில் மாறியது எவ்வளவோ அவ்வளவுதான் அன்று நகரும்.

இதில் ஒரு குழி: டிஃபரன்ஷியல் என்பது கடைசி முழு பேக்கப்பிலிருந்து கணக்கிடப்படுவது. இடையில் உங்கள் வழக்கமான பேக்கப் மென்பொருள் இன்னொரு முழு பேக்கப் எடுத்துவிட்டால், புதிய சர்வரில் காத்திருக்கும் நகலோடு உங்கள் டிஃபரன்ஷியல் ஒட்டாது. அந்த ஒரு வாரத்துக்கு வழக்கமான முழு பேக்கப்பைக் காப்பி-ஒன்லி முறைக்கு (டிஃபரன்ஷியலின் கணக்கைத் தொடாத பேக்கப்) மாற்றச் சொல்லுங்கள். பேக்கப்பைக் கவனிப்பவர் வேறு குழுவில் இருந்தால், வாய்மொழியாகச் சொல்லி விட்டுவிடாமல் நேரில் போய் உறுதி செய்துகொள்ளுங்கள்.

கடைசி ஒத்திகைக்குப் பிறகு பழைய ஃபார்மில் கஸ்டமைசேஷனை உறைய வைக்க வேண்டும். புதிய சொல்யூஷன் இல்லை, டிசைனரில் திருத்தம் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் வொர்க்ஃப்ளோக்களை முடிந்தவரை முடிக்கச் சொல்லுங்கள்; வாரக்கணக்கில் ஒப்புதலுக்குக் காத்திருப்பவற்றின் பட்டியலை உரிமையாளர்களுக்கு முன்கூட்டியே அனுப்புங்கள். எவ்வளவு குறைவாகப் பாதியில் நிற்கிறதோ அவ்வளவு நல்லது. டிஎன்எஸ் டிடிஎல்லை (பழைய முகவரியைக் கணினிகள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) சில நாட்கள் முன்பே ஐந்து நிமிடமாகக் குறைத்துவிடுங்கள். லோட் பேலன்சர் இருந்தால் அதில் திருப்புவது இன்னும் எளிது.

சோதிப்பவர்களுக்கு "திறந்து பாருங்கள்" என்று சொல்லாதீர்கள். திறந்து பார்ப்பார்கள், திறக்கும், நல்லாயிருக்கிறது என்பார்கள். ஒவ்வொரு பிரிவிலிருந்தும் அவர்கள் தினமும் செய்யும் வேலைகளை எழுதி வாங்குங்கள்: விடுப்புப் படிவம் நிரப்பி அனுப்பு, மேலாளராக நுழைந்து ஒப்புதல் கொடு, அறிக்கையை எக்செல்லில் இறக்கு. அவர்கள் கணினியில் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் ஒரு வரி சேர்த்தால், மற்ற எல்லோரும் பழையதில் இருக்கும்போதே அவர்கள் மட்டும் அதே யூஆர்எல்லில் புதியதைப் பார்ப்பார்கள். ஒத்திகையில் செய்த அதே பட்டியலைக் கட்டோவர் அன்றும் செய்யட்டும். அன்று உண்மைத் தரவு என்பதால், எழுதும் சோதனைகளுக்கென்று ஒரு தனி சைட்டை முன்பே ஒதுக்கி வையுங்கள்.

ரோல்பேக்கைப் பற்றி நிர்வாகத்துக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டியது ஒன்று. புதிய ஃபார்மில் இணைந்த டேட்டாபேஸ் பழைய ஃபார்முக்குத் திரும்பாது. புதிய எஸ்கியூஎல்லில் ரெகவர் ஆனதைப் பழைய எஸ்கியூஎல்லிலும் ஏற்ற முடியாது. திரும்புதல் என்றால் தொடாமல் வைத்திருக்கும் பழைய டேட்டாபேஸை ரீட்-ரைட் ஆக்கி, முகவரியைத் திருப்பிவிடுவது. யூசர்கள் புதியதில் எழுத ஆரம்பிக்கும் வரை இது சில நிமிட வேலை. எழுத ஆரம்பித்த பிறகு, எழுதியதை இழக்க வேண்டும் அல்லது கையால் எடுத்துப் போட வேண்டும். ஆகவே எழுதத் திறந்துவிடும் அந்த நொடிதான் கோடு. சனிக்கிழமை மாலை இத்தனை மணிக்குள் இந்தப் பட்டியல் தேறவில்லை என்றால் திரும்புகிறோம் என்று முன்பே எழுதி, யார் அந்த முடிவை எடுப்பார் என்று ஒரே ஒருவர் பெயரையும் போட்டுவிடுங்கள். இரவெல்லாம் விழித்திருக்கும் தொழில்நுட்பக் குழுவிடம் அந்த முடிவை விடக் கூடாது. "இன்னும் ஒரு மணி நேரம் கொடுங்கள், சரி பண்ணிவிடுகிறோம்" என்றுதான் அவர்கள் சொல்லுவார்கள்.

தேடல் வசதி தனிக் கதை. செட்டிங்குகள் வரும், ஆனால் இண்டெக்ஸ் வராது. புதிய ஃபார்மில் முதலிலிருந்து முழு க்ராவல் (எல்லா உள்ளடக்கத்தையும் படித்து இண்டெக்ஸ் கட்டும் வேலை) ஓட வேண்டும். 600 ஜிபிக்கு அது திங்கள் காலைக்குள் முடியும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அதிகம் தேடப்படும் சைட்களைத் தனி கன்டென்ட் சோர்ஸாகப் பிரித்து முதலில் ஓட்டுங்கள், மற்றவை பின்னால் வரட்டும். தேடலை நம்பி ஓடும் கஸ்டம் வெப் பார்ட்கள் இருந்தால் அவையும் அதுவரை காலியாகத்தான் தெரியும், அதை யூசர்களுக்கு அனுப்பும் அறிவிப்பில் எழுதிவிடுங்கள்.

மாறிய பிறகு பழைய ஃபார்மை வேறு யூஆர்எல்லில், ரீட்-ஒன்லியாக, ஒரு காலாண்டு முடியும் வரையாவது வைத்திருங்கள். "முன்பு இந்தப் பக்கத்தில் ஒரு பொத்தான் இருந்தது" என்று ஒருவர் வரும்போது அது உண்மையா என்று பார்க்க வேறு வழி கிடையாது. அதன் டைமர் சர்வீஸை மட்டும் நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் சில கஸ்டம் டைமர் ஜாப்கள் இரண்டு இடத்திலிருந்தும் ஓடி, வெளி மென்பொருள்களுக்கு ஒரே தரவை இரட்டையாக அனுப்பும்.